அமெரிக்கப் பாடகி எட்டா ஜேம்ஸின் 'டெல் மாமா' ஆல்பத்தை விமர்சகர்கள் ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

ஒரே காரணம் சொல்லச் சொன்னால், அந்தக் குரலுக்கு ஏற்ற இசைக்குழு கிடைத்ததுதான் என்பேன்.

1960-இல் வந்த 'அட் லாஸ்ட்!' ஆல்பத்தில் எட்டாவைச் சுற்றி வயலின்கள் நிறைய. அதுவும் அழகுதான். ஆனால் 1967-இல் செஸ் இசைத்தட்டு நிறுவனம் அவரை அலபாமாவின் மசில் ஷோல்ஸ் ஊரிலுள்ள ஃபேம் ஸ்டுடியோவுக்கு அனுப்பியது. தயாரிப்பாளர் ரிக் ஹால். அங்கே வயலின் மெத்தை கிடையாது. டிரம்ஸ், பேஸ், ஆர்கன், டிரம்பெட்-சாக்ஸ் கூட்டணி. தலைப்புப் பாடலில் அந்தக் கூட்டணி முட்டித் தள்ள, எட்டா அதற்கும் மேலே நின்று பாடுகிறார். 1968-இல் 'டெல் மாமா' ஆல்பம் வந்தது.

அப்புறம் அதே ஆல்பத்தில் வரும் 'ஐ'ட் ராதர் கோ பிளைண்ட்'. என்னைக் கேட்டால், விமர்சகர்களின் புகழ்ச்சியில் பாதி இந்த ஒரு பாட்டுக்கே போக வேண்டும். காதலன் வேறொரு பெண்ணோடு பேசுவதைப் பார்த்ததுமே எல்லாம் முடிந்துவிட்டது என்று ஒருத்திக்குப் புரிந்துவிடுகிறது. அவன் பிரிந்து போவதைப் பார்ப்பதைவிடக் கண் தெரியாமல் போனால் தேவலை என்கிறாள். சரணம் பெரும்பாலும் இரண்டே கார்டுகளில் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) சுற்றுகிறது. இசை நகராமல் நிற்பதால் முழுப் பாரமும் குரலின் மேல்தான். எட்டா அவசரப்படுவதே இல்லை. வரியின் தொடக்கத்தில் தாழ்ந்து பேசுவது போல ஆரம்பித்து, நடுவில் கரகரத்து, திடீரென்று கதறலுக்குப் போகிறார். ஆனால் சுருதி விலகுவதில்லை. இந்த வித்தை எல்லோருக்கும் வாய்க்காது.

புளூஸ், சோல் இரண்டுமே அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வகைகள்; இது சுத்தமான புளூஸ் இல்லை, சோல் என்று சிலர் வாதிடுவார்கள். சரி, வகை எதுவானாலும் இந்தப் பாட்டை ஹெட்போனில் ஒருமுறை கேளுங்கள்.