ஷோபா: வயதும் நடிப்பும்

வணக்கம் சார்.
மின்னல் வானொலியில் ‘என் இனிய பொன் நிலாவே’ பாட்டு போனது. படிவம் 4 படிக்கும் என் மகள் அந்தக் காட்சியை யூடியூப்பில் பார்த்துவிட்டு, “யாரும்மா இவங்க?” என்றாள். நடிகை ஷோபா என்றேன். தேடிப் பார்த்தவளுக்குக் கிடைத்ததெல்லாம் அவர் மரணத்தைப் பற்றித்தான். சின்ன வயதில் போய்ச் சேராமல் இருந்திருந்தால் அவரை இவ்வளவு தூக்கி வைத்துப் பேசுவோமா?
வாசகி, பட்டர்வொர்த்

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டாயம் பேசியிருப்போம். ‘முள்ளும் மலரும்’ 1978 ஆகஸ்ட்டில் வந்தது. 1962 செப்டம்பரில் பிறந்த ஷோபாவுக்கு அப்போது 16 நிறையவில்லை. உங்கள் மகளின் வயதுதான்.

அதில் ஷோபா நடித்த வள்ளியைத் தோட்டத்து லயங்களில் வளர்ந்த நம்மவர்களுக்கு நன்றாகத் தெரியும். வேலையை மேற்பார்க்கும் தண்டலோடும் கணக்கெழுதும் கிராணியோடும் முட்டிக்கொள்கிற அண்ணன், அவனுக்குப் பயந்தும் அவனுக்காகப் பயந்தும் வாழ்கிற தங்கை. கடைசிக் காட்சியைப் பாருங்கள். மாப்பிள்ளையோடு புறப்பட்டுவிட்டவள், வழியில் அண்ணனைக் கண்டதும் எல்லாரையும் விட்டுவிட்டு அவனிடம் ஓடுகிறாள். எதிரே நிற்பது ரஜினி. வசனமெல்லாம் அவருக்குத்தான். ஆனாலும் நம் கண் ஷோபாவின் முகத்தை விட்டு நகராது. மனசு இரண்டாகக் கிழிவதை அழுது ஆர்ப்பாட்டம் செய்யாமலே காட்டிவிடுகிறார்.

மறு வருடமே ‘அழியாத கோலங்கள்’ படத்தில் விடலைப் பையன்களின் கனவில் வரும் டீச்சர். துரையின் ‘பசி’யில் குப்பை பொறுக்கும் குப்பம்மா. ஒரு லாரி ஓட்டுநரை நம்பிக் கெட்டுப்போகும் குடிசைப் பெண். மலையாளத் தாய்க்குப் பிறந்தவர் சென்னைச் சேரிப் பெண்ணாகவே மாறிப்போனார். சிறந்த நடிகைக்கான தேசிய விருது அந்தப் படத்துக்குத்தான். பரிதாபப்பட்டுக் கொடுத்த விருது இல்லை அது.

1980 மே 1ஆம் தேதி மறைந்தார். நீங்கள் கேட்ட பாட்டு இடம்பெற்ற ‘மூடுபனி’ திரைக்கு வந்தது அதற்குப் பிறகு, நவம்பரில். அந்தச் சாவைத் துருவித் துருவி எழுதியவர்கள் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளைக்கு மனைவி வேடமும் தாய் வேடமும் கொடுத்த திரையுலகம் அவரை எப்படிப் பார்த்துக்கொண்டது என்று கேட்டவர்கள் குறைவு. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

மகளுக்கு முதலில் ‘முள்ளும் மலரும்’ போட்டுக் காட்டுங்கள். ஜென்சி பாடிய ‘அடி பெண்ணே’ பாட்டை ஓட்டிவிடாதீர்கள். ‘பசி’ கனமான படம், நீங்களும் கூட உட்கார்ந்து பாருங்கள். ஷோபாவின் வயதைப் படம் முடிந்த பிறகு சொன்னால் போதும்.

அன்புடன்,
செந்தூல், கோலாலம்பூர்