மாதிரி வெள்ளை டி-ஷர்ட்டில், சரக்கு கறுப்பு டி-ஷர்ட்டில்: பாக்கிக்கு வழக்குப் போடலாமா?

கேள்வி: ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் (சூட்டால் படத்தைத் துணிக்கு மாற்றும் தாள்) டிசைன் அடித்து டி-ஷர்ட் செய்து கொடுக்கும் சிறு தொழில் என்னுடையது. ஒரு விளையாட்டுக் குழுவினர் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு 120 கறுப்பு டி-ஷர்ட் கேட்டார்கள். பாதிப் பணம் முன்பணமாக வந்தது. தூக்கம் கெட்டு உழைத்து, சொன்ன நாளில் கொடுத்தேன். விழாவில் எல்லோரும் போட்டுக்கொண்டு படமும் எடுத்தார்கள். அடுத்த வாரமே, துவைத்ததும் டிசைன் வெடித்து உரிகிறது என்று மீதிப் பணத்தைத் தர மறுத்துவிட்டார்கள். வெந்நீரில் போடக் கூடாது என்று வாயால் சொல்லித்தான் கொடுத்தேன். ஆர்டரின்போது வெள்ளை டி-ஷர்ட்டில் மாதிரி காட்டினேன், "இதே மாதிரி வேண்டும்" என்றார்கள். கடைசி நாளில் ஹீட் பிரஸ் (சூடாக்கி அழுத்தும் இயந்திரம்) பழுதானதால் சிலவற்றை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்ததை மறைக்காமல் வாய்ஸ் மெசேஜில் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். அதையே பரப்பி என்னை ஏமாற்றுக்காரன் என்கிறார்கள். பேப்பர் விற்றவரும் கையை விரித்துவிட்டார். மீதிப் பணத்துக்கும் மானநஷ்டத்துக்கும் நோட்டீஸ் அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். உங்கள் கடிதத்தில் வழக்கைத் தீர்மானிக்கப்போவது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி: மாதிரி வெள்ளை டி-ஷர்ட்டில் காட்டினீர்கள், சரக்கைக் கறுப்பில் கொடுத்தீர்கள். தூக்கம் கெட்டது, நன்றி இல்லாதது, ஏமாற்றுக்காரன் என்றது எதுவும் பாக்கித் தொகையின் கணக்கில் வராது.

1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், பிரிவு 17, மாதிரி காட்டி விற்பதைப் பற்றியது. மொத்தச் சரக்கின் தரம் மாதிரியோடு ஒத்திருக்க வேண்டும். மாதிரியைப் பார்த்தால் சாதாரணமாகக் கண்ணில் படாத குறையும் சரக்கில் இருக்கக் கூடாது. உங்களுக்கு இரண்டுமே இடிக்கிறது. வெளிர் துணிக்கான பேப்பரில் மையின் ஊடே துணியின் வெள்ளையே தெரியும், மேலே நிற்கும் படலம் மெல்லியது. கறுப்பில் அது செல்லாது. மை அமுங்கிப்போகும் என்பதால் அடர்நிறத் துணிக்கான டார்க் பேப்பரில் மைக்கு அடியில் ஒளி புகாத வெள்ளைப் படலம் ஒன்று இருக்கும். பின்தாளை உரித்து, படம் மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, சிலிக்கோன் தாள் போட்டு அழுத்துகிறோம். அந்தப் படலம் முழுசாகத் துணிமேல் உட்காருகிறது. இது தொழில் தெரிந்த உங்களுக்குத் தெரியும், வாங்கியவருக்குத் தெரியாது. நீங்கள் எழுத்தில் சொல்லவும் இல்லை.

நீதிமன்றத்தில் இது எப்படி வெளியாகும் என்று சொல்கிறேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இரண்டு டி-ஷர்ட்டையும் மேசையில் விரிப்பார். வெள்ளையைப் பக்கவாட்டில் இழுத்தால் படமும் துணியோடு இழுபடும். கறுப்பை இழுத்தால் படத்தில் வரிவரியாக விரிசல் விட்டு அடித்துணி தெரியும். விளிம்பை நகத்தால் தடவினால் தட்டுப்படும். வேறு சாட்சி தேவையில்லை.

"விழாவில் போட்டுக்கொண்டார்களே" என்பீர்கள். அதில் பாதி நியாயம் உண்டு. பிரிவு 42-இன்படி, தனக்குச் சொந்தமான பொருளாகவே நடத்திவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். ஆகவே 120-ஐயும் திருப்பிக் கொடுத்து முன்பணத்தைக் கேட்பது அவர்களுக்குக் கடினம். ஆனால், ஏற்றுக்கொண்ட பிறகும் பிரிவு 59 அவர்களுக்கு ஒரு கதவைத் திறந்துவைக்கிறது: குறைக்குத் தக்கபடி விலையைக் குறைக்கச் சொல்லலாம், நஷ்டஈடும் கேட்கலாம். நீங்கள் கேட்கும் பாக்கி அந்தக் கழிவிலேயே கரையும். வெந்நீர் எச்சரிக்கையை வாயால் சொன்னதாகச் சொல்வீர்கள், சொல்லவில்லை என்பார்கள். டி-ஷர்ட்டோடு ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தால் பேச்சே வேறு.

இப்போது, கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்ப விழும் குழிக்கு வருகிறேன். நோட்டீஸ் போகும்வரை எதிர்த்தரப்பு முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கும். நோட்டீஸ் கிடைத்ததும் அவர்களும் வழக்கறிஞரைப் பார்ப்பார்கள். அவர் உங்கள் வழக்கிலேயே எதிர்க்கோரிக்கை வைப்பார், அல்லது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகச் சொல்வார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோரே. அணிந்த யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம், அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அங்கே மன உளைச்சலுக்கும் தொகை கேட்பார்கள். பாக்கி வாங்கப் போனவர் பதில் சொல்லிக்கொண்டு நிற்பார்.

அங்கே உங்களைக் கவிழ்க்கப்போவது அந்த வாய்ஸ் மெசேஜ். இஸ்திரிப் பெட்டியில் ஹீட் பிரஸ் போலச் சீரான சூடும் அழுத்தமும் வராது, ஒரு மூலை ஒட்டும், மறு மூலை தூக்கும். அதை உங்கள் குரலிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். உரிய சான்றிதழோடு தாக்கல் செய்தால், 2023ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-இன்படி அது ஏற்கப்படும். நேர்மையாகச் சொன்னதற்காக உங்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால், எத்தனை டி-ஷர்ட், எவை என்று பிரித்துச் சொல்லாததால், 120-உம் இஸ்திரிப் பெட்டி வேலைதான் என்று வாதாட வழி விட்டுவிட்டீர்கள். இனி அவர்களுக்கு ஒரு வரியும் அனுப்பாதீர்கள். முன்பு அனுப்பியதை அழிக்கவும் செய்யாதீர்கள், அழித்தது தெரிந்தால் இன்னும் மோசம்.

இதே கட்டத்தில் பலர் செய்யும் இன்னொரு காரியம், "மறுபடி அடித்துத் தருகிறேன்" என்று வாக்குக் கொடுப்பது. வேண்டாம். உரிந்த படலத்தை முழுதாக எடுக்கவும் முடியாது, அதன்மேல் புதிதாக ஒட்டினாலும் நிற்காது. அது இரண்டாவது ஒப்பந்தமாகி, அதையும் மீறியவர் என்ற பெயர்தான் மிஞ்சும்.

மானநஷ்டத்தை விடுங்கள். அவர்கள் பரப்பும் வாய்ஸ் மெசேஜ் உங்கள் குரலிலேயே நீங்கள் சொன்ன உண்மை.

பேப்பர் விற்றவர் மேல் உள்ள வழக்கு தனி. அவருக்கும் விளையாட்டுக் குழுவுக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. பாக்கெட்டில் அச்சிட்ட சூட்டையும் நேரத்தையும் கடைப்பிடித்தீர்களா என்பதுதான் அங்கே முதல் கேள்வி, இஸ்திரிப் பெட்டிக்கு அங்கே பதில் இருக்காது. மீந்த தாள், பாக்கெட் உறை, பில், வெள்ளை மாதிரி எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

சமரசம்தான் வழி. வாங்கிய முன்பணம் உங்களுடையது என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால், பாக்கி முழுவதையும் விட்டுவிடத் தயாராகப் போங்கள். பேசிப் பார்த்து, துணியின் அடக்கவிலையாவது கிடைத்தால் அது லாபம். இரு தரப்புக்கும் தெரிந்த மூன்றாவது ஆளை வைத்துப் பேசுங்கள், நீங்கள் நேரில் போனால் மறுபடி மன்னிப்புக் கேட்டுவிடுவீர்கள். முடிவை ஒரு தாளில் எழுதுங்கள்: இந்த ஆர்டர் தொடர்பாக இரு தரப்புக்கும் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை, அவர்கள் பரப்பிய வாட்ஸ்அப் பதிவுகள் நீக்கப்படும், இதில் எந்தத் தரப்பும் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. குழுத் தலைவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது. பணம் போட்ட உறுப்பினர்கள் எல்லோருடைய சம்மதமும் எழுத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாத ஒருவர் நாளை ஆணையத்துக்குப் போவதை அந்தத் தாள் தடுக்காது.