செய்திக்கு எதற்கு வயலின்?

அன்புள்ள ஐயா,

அப்பா ரிட்டயர் ஆனதிலிருந்து வீட்டில் நாள் முழுக்க செய்திச் சேனல்தான். விவாதத்தில் கத்துகிறவர்களோடு சேர்ந்து அவரும் கத்துகிறார். பிபி ஏறிவிட்டது. டிஆர்பிக்காக எதையும் காட்டுகிறார்கள் என்று சொன்னால், “ஜனங்க கேக்கறதத்தானே குடுக்கறான்” என்கிறார். அதுவும் சரிதானோ என்று தோன்றுகிறது. நடுநிலையான சேனல் ஏதாவது இருக்கிறதா?

ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு,

நடுநிலைச் சேனல் பற்றிய கேள்வியை விட்டுவிடுங்கள், அது பேசித் தீராது. ‘சரிதானோ’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் எனக்குக் கோபம். எந்த ஜனம் கேட்டது? எந்தச் சேனல் ஓடுகிறது என்று டிஆர்பிக்காகக் கணக்கெடுக்கும் மீட்டரை உங்கள் வீட்டில் வைத்திருக்கிறார்களா? 2020இல் நாடு முழுக்க சுமார் 44,000 வீடுகளில்தான் அது இருந்தது. அதிலும் சில வீடுகளுக்குப் பணம் கொடுத்துக் குறிப்பிட்ட சேனலை ஓடவிடச் சொன்னார்கள் என்று அந்த அக்டோபரில் மும்பை போலீஸ் வழக்குப் போட்டது. உடனே செய்திச் சேனல்களின் வாராந்தரக் கணக்கை, டிஆர்பி வெளியிடும் பார்க் (BARC) நிறுவனம் நிறுத்தியது. 2022 மார்ச்சில்தான் திரும்ப வந்தது. கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் மார்க் போட ஆளில்லை. அப்போதாவது கத்தல் குறைந்ததா? கொஞ்சம் யோசித்திருக்க வேண்டாமா நீங்கள்?

என்னைப் பல நாளாக உறுத்துவது செய்திக்குப் போடும் பின்னணி இசை.

2019 தீபாவளி. மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றுக்குள் இரண்டு வயதுக் குழந்தை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விழுந்தவனைச் செவ்வாய் அதிகாலை பிணமாகத்தான் எடுத்தார்கள். எண்பது மணி நேரத்துக்கு மேல் நேரலை. நானும் தூங்கவில்லை. பக்கத்தில் குழி தோண்டிய ரிக் பாறையில் திணறிக்கொண்டிருந்தது. கைவிட்ட கிணறுகளை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே நெறிமுறை வகுத்திருந்தது. அதை யார் கண்காணித்தார்கள் என்று கேட்க வேண்டிய நேரத்தில், நான் பார்த்த சேனலில் வயலின் அழுதுகொண்டிருந்தது. அழவைத்துவிட்டால் போதும், பார்ப்பவனுக்குக் கேள்வி எழாது.

இதை நான் வீட்டிலேயே பார்த்தவன். சித்தி மகன் பஸ் விபத்தில் போனபோது, ஜிஹெச் பிணவறை வாசலில் வேப்பமரத்தடியில் சித்தி உட்கார்ந்திருந்தார். கேமராவோடு வந்த பையன் மைக்கை நீட்டி, “கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கம்மா, வெளிச்சம் பத்தல” என்றான். யார் எதைச் சொன்னாலும் கேட்கிற சுபாவம் அவருக்கு. திரும்பினார். அழவில்லை. “தோசை ஊத்தி வெச்சேன், சாப்பிடாமப் போயிட்டான்” என்று மட்டும் சொன்னார். ராத்திரிச் செய்தியில் அது வந்தது. சித்தியின் உதடு அசைகிறது, குரல் இல்லை, வயலின்தான் கேட்கிறது. அவர் சொன்ன ஒரே வாக்கியத்தை இசை போட்டு மூடிவிட்டார்கள். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை, அவனுக்கு ஆபீஸிலிருந்து போன் மேல் போன். ஏசி அறையில் உட்கார்ந்து அந்தக் குரலை அழித்தவனைத்தான் மன்னிக்க முடியவில்லை.

அப்பாவோடு சண்டை போடாதீர்கள். ரிட்டயர் ஆன மனுஷனோடு வீட்டில் யார் பேசுகிறார்கள்? டிவி பேசுகிறது. சாயங்காலம் ஒரு மணி நேரம் பக்கத்தில் போய் உட்காருங்கள். அப்புறம், பிபிக்கு டாக்டரைப் பாருங்கள்.

சித்தி இப்போதும் சீரியல் பார்ப்பார். செய்தி ஆரம்பிக்கிற அந்தத் தடதட இசை கேட்டதும் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவார்.