டிரெய்லர் வாசலில் நிற்கிறது, ஆர்.சி. எங்கே? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ரகம்: டிராக்டர் டிரெய்லர் கையில் இருக்கிறது, காகிதம் இல்லை. வண்டி எண், சேஸிஸ் எண் (வண்டிச் சட்டத்தில் அடித்த எண்), ஆர்.சி. என்ற பதிவுச் சான்றில் யார் பெயர் என்ற மூன்றையும் எழுதாமல் "ஏதாவது வழி சொல்லுங்கள்" என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை. ஜாதகம் இல்லாமல் பொருத்தம் பார்க்க முடியாது.

என் பெயரில் உள்ள டிரெய்லரின் ஆர்.சி. புக் பஸ்ஸில் தொலைந்துவிட்டது. என்ன செய்வது? (ஒட்டன்சத்திரம்)

உங்கள் பெயரிலேயே இருப்பதால் இது எளிய வேலை. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை பதிந்து பிரதி எடுங்கள். பிறகு மத்திய அரசின் போக்குவரத்துச் சேவைத் தளமான பரிவாகனில் படிவம் 26-ல் நகல் ஆர்.சி.க்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் பதிவுக் கட்டணத்தில் பாதி. கடன் பாக்கி இருந்தால் அந்தப் படிவத்தில் பைனான்ஸ்காரர் கையெழுத்தும் வேண்டும். பலர் திரும்பி வருவது இந்த ஒரு கையெழுத்து இல்லாமல்தான். இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி. (தகுதிச் சான்று) எது காலாவதி ஆகியிருந்தாலும் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுப் போங்கள்.

செல்போனில் ஆர்.சி. காட்டினால் செல்லுமா? (திண்டிவனம்)

டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் காட்டினால் செல்லும். ஜெராக்ஸை போட்டோ எடுத்து வைத்துக் காட்டினால் செல்லாது.

டிராக்டரை என் பெயருக்கு மாற்றிவிட்டேன். டிரெய்லர் அதோடு சேர்ந்து தானே வந்துவிடும்? (மணப்பாறை)

வராது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் விளக்கத்திலேயே டிரெய்லர் தனி மோட்டார் வாகனம். இன்ஜின் இல்லை என்பதால் அது டிராக்டரின் வால் ஆகிவிடாது. அதற்குத் தனி ஆர்.சி., தனி சேஸிஸ் எண், பெயர் மாற்றத்துக்குத் தனியாகப் படிவம் 29 (விற்றதைத் தெரிவிப்பது), படிவம் 30 (பெயர் மாற்ற விண்ணப்பம்). டிராக்டர் பாலிசியை எடுத்துப் பாருங்கள். டிரெய்லரின் எண் அதில் ஏறியிருக்கிறதா? ஏறவில்லை என்றால் டிரெய்லர் மோதி ஒருவர் அடிபடும் அன்றுதான் அதன் அருமை தெரியும்.

2016-ல் ஒருவரிடம் டிரெய்லர் வாங்கினேன். 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தார். 29, 30 படிவங்களில் ஆர்.சி.யில் இருப்பவரின் கையெழுத்து மட்டும் உள்ளது, மற்றதெல்லாம் காலி. அந்த ஆளை நான் பார்த்ததே இல்லை. இப்போது பெயர் மாற்றலாமா? (பொள்ளாச்சி)

வாசகர்களே, இந்தக் காலிப் படிவ வியாபாரத்தைப் பற்றி எத்தனை முறை எழுதுவது?

சட்டம் கேட்பது இவ்வளவுதான். ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். நம் ஊரில் நடப்பது வேறு. முதல் ஆள் கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுப்பார், புரோக்கர் அதை இரண்டாவது ஆளிடம் தள்ளுவார், அவர் மூன்றாவது ஆளிடம். யாருக்கும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் படி ஏற மனசில்லை. ஆர்.டி.ஓ. பதிவேட்டில் மட்டும் முதல் ஆளே உட்கார்ந்திருப்பார்.

2018-ல் உச்ச நீதிமன்றம் இப்படிக் கைமாறிக்கொண்டே போன ஒரு காரின் விபத்து வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: பதிவேட்டில் யார் பெயரோ, இழப்பீட்டுக்கு அவரே உரிமையாளர். விற்றுவிட்டேன், சாவியும் கொடுத்துவிட்டேன், பத்திரமும் இருக்கிறது என்ற வாதம் எடுபடவில்லை. டிரெய்லருக்கும் அதே சட்டம்தான். ஆகவே இதில் மாட்டுவது வாங்கியவர் மட்டுமல்ல; எட்டு வருஷம் முன்னால் விற்று மறந்துபோனவருக்கும் ஒரு நாள் சம்மன் வரும்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். அந்த 20 ரூபாய் பத்திரம் பணம் கைமாறியதற்குச் சாட்சி, அவ்வளவே. உங்களுக்கு எழுதிக் கொடுத்தவர் ஆர்.சி.யில் இல்லாதபோது அவருக்கே விற்க அதிகாரம் உண்டா என்பது முதல் கேள்வி. ஆன்லைன் விண்ணப்பத்தில் ஓ.டி.பி. ஆர்.சி.க்காரரின் செல்போனுக்குத்தான் போகும், உங்களுக்கு வராது. ஆகையால் ஆளைத் தேடுங்கள். ஆர்.சி.யில் உள்ள முகவரிக்கு ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட் அனுப்புங்கள், ஊர் வி.ஏ.ஓ.விடமும் விசாரியுங்கள். ஆள் கிடைத்தால் பழைய படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, இன்றைய தேதியில் புதிதாகக் கையெழுத்து வாங்குங்கள்.

அவர் இறந்துபோயிருந்தால் காலிப் படிவத்தில் தேதியைப் போட்டு நிரப்பிவிடலாம் என்று புரோக்கர் சொல்வார். செய்யாதீர்கள். இறந்த தேதிக்குப் பிறகு கையெழுத்திட்டதாக ஒரு படிவம் போனால் அது போலி ஆவணம். விண்ணப்பதாரர் என்ற இடத்தில் இருப்பது உங்கள் பெயர், புரோக்கர் பெயர் அல்ல. முதலில் வாரிசு பெயருக்கு மாற்றி, அங்கிருந்து உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். இரண்டு மாற்றம், இரண்டு கட்டணம். அதைத் தவிர்க்க முடியாது.

ஆளும் இல்லை, வாரிசும் தெரியவில்லை என்றால் சிவில் நீதிமன்றத்தில் உரிமை விளம்புகை வழக்கு (வண்டி எனக்கு உரியது என்று அறிவிக்கக் கேட்பது) போட்டு, தீர்ப்பு நகலுடன் ஆர்.டி.ஓ.விடம் போவதே மிச்சமிருக்கும் வழி. திரும்பி வந்த தபால் உறையைத் தூக்கி எறியாதீர்கள். அங்கே அதுதான் உங்கள் சாட்சி. ஒரு பழைய டிரெய்லருக்கு இவ்வளவு செலவு தேவையா என்று வழக்குப் போடும் முன்பே கணக்குப் பாருங்கள்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: படிவம் 29-ஐ நீங்களே ஆர்.டி.ஓ.விடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வண்டியை ஒப்படைத்த தேதி, நேரம், வாங்கியவரின் ஆதார் நகல், கையெழுத்து எல்லாம் உங்களிடம் இருக்கட்டும். அங்கீகாரம் பெற்ற பழைய வண்டி வியாபாரியிடம் விட்டால் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததைத் தெரிவிக்கும் 29சி படிவம் பதிவானதா என்று கேளுங்கள்.

பட்டறையில் செய்த டிரெய்லர். பில் கூட இல்லை. ஆர்.சி. வாங்க முடியுமா? (ஆத்தூர்)

பதிவு என்பது தயாரிப்பாளரிடம் தொடங்குகிறது. விற்பனைச் சான்று படிவம் 21, சாலைத் தகுதிச் சான்று படிவம் 22 இரண்டும் இருந்தால்தான் படிவம் 20-ல் புதுப் பதிவு கேட்கலாம். செய்தவர் அங்கீகாரம் பெற்ற தயாரிப்பாளர் என்றால், வருஷத்தையும் சேஸிஸ் எண்ணையும் சொல்லி அவர் பதிவேட்டிலிருந்து நகல் வாங்குங்கள். தாமதத்துக்கு அபராதமும் பழைய வரியும் சேர்ந்து வரும். அங்கீகாரம் இல்லாத பட்டறை என்றால் வழியில்லை. அது உங்கள் வயலுக்குள் எரு ஏற்ற உதவும், ரோட்டுக்கு வரக்கூடாது. பதிவில்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். வண்டியைப் பிடித்தும் வைக்கலாம். இப்படிப்பட்ட டிரெய்லரை யாராவது விற்க வந்தால் அச்சு, டயர், ஜாக்கி, இரும்பு எடை என்று கூட்டிப் பாருங்கள். அதற்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

சேஸிஸ் எண் துருப்பிடித்துத் தெரியவில்லை. லேத்தில் கொடுத்து மறுபடி பஞ்ச் பண்ணலாமா? (அறந்தாங்கி)

தொடாதீர்கள். நீங்களாக அடித்த எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போனாலும் எழுத்தின் அச்சு மாறியிருக்கும். பிரேக் இன்ஸ்பெக்டர் கண்ணுக்கு அது உடனே தெரியும். எண் ஆர்.சி.யிலிருந்து வேறுபட்டால் பதிவையே ரத்து செய்ய பிரிவு 55 இடம் தருகிறது.

பெரும்பாலும் எண் அழிந்திருக்காது, பெயின்டுக்கும் கிரீஸுக்கும் அடியில் இருக்கும். டிரா பார் (டிராக்டரோடு மாட்டும் இழுவைக் கம்பி) அருகே, முன்பக்க நீளச் சட்டத்தின் வெளிப்புறம் தேடுங்கள். மண்ணெண்ணெய் தடவி அரை மணி ஊறவிட்டு, துணியால் துடையுங்கள். கிரைண்டர் வைக்கவே கூடாது, உப்புத்தாளும் வேண்டாம். காய்ந்ததும் மெல்லிய வெள்ளைத்தாளை டேப் போட்டு ஒட்டி, மிருதுவான பென்சிலைச் சாய்த்துப் பிடித்து ஒரே திசையில் தேயுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் 3-ம் 8-ம் ஒன்றுபோல் விழும். அப்படியும் வரவில்லை என்றால் ஆர்.டி.ஓ.வுக்கு எழுதி, வண்டியைக் காட்டி, அவர் உத்தரவின்படி மட்டுமே பஞ்ச் செய்யுங்கள்.

கடன் கட்டி முடித்துப் பத்து வருஷம். கடன் கொடுத்த வங்கி இன்னொன்றோடு இணைந்துவிட்டது. ஆர்.சி.யில் உள்ள எச்.பி.யை (கடன் குறிப்பை) எப்படி நீக்குவது? (கும்பகோணம்)

இணைந்த வங்கியின் கிளைக்குப் பழைய கடன் கணக்கு எண்ணோடு போங்கள். தடையில்லாச் சான்றும், கையெழுத்து முத்திரையுடன் படிவம் 35-ம் அவர்கள்தான் தர வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடன் என்றால் சங்கச் செயலாளர். மூடப்பட்ட நிறுவனம் என்றால் அதன் கலைப்பு அலுவலர். கடைசித் தவணை ரசீதை ஆர்.டி.ஓ.விடம் நீட்டிப் பயனில்லை.

அப்பா காலமாகி ஒரு வருஷம். டிரெய்லர் அவர் பெயரில். (பரமக்குடி)

30 நாளில் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் மாற்றியிருக்க வேண்டும். இனியும் தள்ளாதீர்கள். படிவம் 31, இறப்புச் சான்று, தாசில்தார் தந்த வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மத உறுதிமொழி வேண்டும். அக்கா வெளியூரில் இருக்கிறார், கையெழுத்து அப்புறம் என்றால் வேலையும் அப்புறம்தான்.

அரசு ஏலத்தில் எடுத்தேன். ஆர்.சி. தரவில்லை. (விருத்தாசலம்)

படிவம் 32, ஏலத்தை உறுதிசெய்த உத்தரவு, ஏலம் விட அதிகாரம் தந்த ஆணையின் சான்றிட்ட நகல். இதற்கும் 30 நாள்தான். ஏல ரசீது மட்டும் போதாது.

கர்நாடக எண் டிரெய்லர் மலிவாக வருகிறது. (ஓசூர்)

அந்த மாநில ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று, படிவம் 28, விற்பவர் கையில் இருக்கிறதா? இல்லை என்றால் மலிவும் இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் தளத்தில் திருட்டு வண்டியா என்றும் பாருங்கள். பணம் கொடுக்கும் முன் சேஸிஸ் எண்ணை நீங்களே தேய்த்து எடுங்கள்.

பழைய டிரெய்லரின் ஆர்.சி.யை மட்டும் வாங்கி, என் டிரெய்லருக்கு அந்த எண்ணை அடித்துத் தருகிறேன் என்கிறார் புரோக்கர். 15,000 கேட்கிறார். (ஊர் எழுதவில்லை)

ஊர் எழுதாததிலேயே உங்களுக்கும் பதில் தெரிந்திருக்கிறது. திருட்டு வண்டிக்காரர்கள் செய்வதும் இதையேதான்.