கேள்வி பதில்: போ லின் மடாலயத்தில் சாப்பிடலாமா?

கேள்வி: அம்மாவோடு ஹாங்காங் போகிறோம். லாண்டாவ் தீவில் பெரிய புத்தர் சிலைக்குப் பக்கத்து மடாலயத்திலேயே சைவச் சாப்பாடு போடுகிறார்களாம். ஆனால் போய்வந்தவர்கள் காட்டிய படத்தில் தட்டில் கறித்துண்டு மாதிரி இருக்கிறது. அம்மா முட்டைகூடத் தொடமாட்டார். நம்பிச் சாப்பிடலாமா?
– மதுரை வாசகி

பதில்: தாராளமாகச் சாப்பிடலாம். கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் அலசிக்கொண்டே இருந்தால் மாவெல்லாம் கரைந்துபோய் ரப்பர் மாதிரி ஒரு புரதம் மிஞ்சும், நீங்கள் பார்த்த 'கறி' பெரும்பாலும் அதுதான், இல்லையென்றால் சோயா. சீனக் கோயில் சமையலில் இது பல நூற்றாண்டுப் பழக்கம். ஆனாலும் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், தட்டைப் பார்த்ததும் மனம் சங்கடப்படக்கூடாது. அந்த உருவமே பிடிக்கவில்லை என்றால் டோஃபு (சோயாப் பாலில் செய்த பனீர் மாதிரி), காளான், கீரை, சூப், சோறு இருக்கிறது, அதுவே வயிறு நிறையும்.

காரத்தை எதிர்பார்க்காதீர்கள். வெங்காயமும் பூண்டும்கூட இருக்காது, புலனைக் கிளறும் என்று சீன பௌத்தர்கள் விலக்கிய ஐந்தில் இவை இரண்டும் உண்டு. அந்தப் பட்டியலில் நம்முடைய பெருங்காயமும் இருக்கிறது! அதனால் ஊரிலிருந்து எடுத்துப்போகும் ஊறுகாயும் பொடியும் அறையிலேயே இருக்கட்டும், அவர்கள் உணவுக்கூடத்தில் பிரிக்க வேண்டாம். முதல் இரண்டு வாய் சப்பென்று இருக்கும், அப்புறம் காளானின் ருசியும் இஞ்சியின் வாசனையும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். எனக்கு மிகவும் பிடித்த சாப்பாடு அது. டிக்கெட் வாங்கி உட்கார்ந்தால் மேசைக்கே கொண்டுவந்து வைப்பார்கள், பகிர்ந்து சாப்பிட வேண்டியதுதான். மதிய உணவுக்கான இடம், சாயங்காலம் போனால் கிடைக்காது. முழுச் சாப்பாடு வேண்டாம் என்பவர்களுக்குத் தனிக் கவுன்டரில் நூடுல்ஸும், சர்க்கரைப் பாகு விட்ட மெத்தென்ற டோஃபுவும் உண்டு. அந்த டோஃபுவை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: புத்தர் கோயில் என்றாலே சைவம்தானே, இதில் விசாரிக்க என்ன இருக்கிறது?
– திருச்சி வாசகர்

பதில்: இல்லை, கட்டாயம் விசாரிக்க வேண்டும். இலங்கையிலும் தாய்லாந்திலும் பிக்குகள் பிச்சைப் பாத்திரத்தில் விழுவதை ஏற்பவர்கள், தங்களுக்கென்றே கொன்றது இல்லை என்றால் இறைச்சியும் அதில் சேரும். சீனாவில் கதை வேறு. 6ஆம் நூற்றாண்டில் லியாங் வம்சப் பேரரசர் வூ, பிக்குகள் மதுவையும் மாமிசத்தையும் விடவேண்டும் என்று வலியுறுத்தினார், அந்த வழக்கம் அங்கே நிலைத்துவிட்டது. 1906இல் தொடங்கிய போ லின் அந்த மரபைச் சேர்ந்தது. ஆனால் இந்த உறுதி மடாலயத்துக்குள் மட்டும்தான்! கேபிள் காரிலிருந்து இறங்கியதும் வரும் நோங் பிங் கடைத்தெருவில் அசைவமும் விற்கிறார்கள், பசிக்கிறதே என்று அங்கேயே உட்கார்ந்துவிடாதீர்கள்.

கேள்வி: முட்டிவலி உள்ளவர்கள் போக முடியுமா?
– கோவை வாசகி

பதில்: சிலையின் அடிவரை ஏற 268 படிகள். 34 மீட்டர் உயர வெண்கலப் புத்தர், 1993இல் திறந்தார்கள், கீழே நின்றாலே நன்றாகத் தெரிவார். உணவுக்கூடமும் கீழேதான், எனவே படி ஏறாமலே கும்பிட்டுச் சாப்பிட்டு வரலாம். கூட்டம் பிடிக்காதவர்கள் ஞாயிற்றுக்கிழமையையும், சீனச் சந்திர மாதத்தின் முதல் நாளையும் பதினைந்தாம் நாளையும் தவிருங்கள், உள்ளூர்க்காரர்களே அன்று சைவம் சாப்பிட வருவார்கள். துங் சுங் ரயில் நிலையத்திலிருந்து கேபிள் காரில் சுமார் 25 நிமிடம். காற்று பலமாக வீசும்போதும் பராமரிப்பு நாட்களிலும் அது ஓடாது, அப்போது அங்கிருந்தே 23ஆம் எண் பேருந்து இருக்கிறது. மலைப்பாதை நிறைய வளையும், தலைசுற்றல் உள்ளவர்கள் முன்பக்கம் உட்காருங்கள்.