லத்தீன் அமெரிக்கக் குடியேறிகளின் பிள்ளைகளை நகரப் பகுதி எப்படி உருவாக்குகிறது?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள பாயில் ஹைட்ஸ் பகுதியைப் பாருங்கள். பல இனத்தவர் கலந்து வாழ்வதையே குறையாகச் சொல்லி, 1939-இல் கூட்டரசு நிறுவனம் ஒன்று அதை, கடன் கொடுக்க ஆபத்தான பகுதி என்று வரைபடத்தில் சிவப்பாக்கியது. வீட்டுக் கடன் அரிதானது. பிறகு நெடுஞ்சாலைகள் குறுக்கே வந்தன. வீடுகள் போயின, புகை தங்கிவிட்டது. அந்தக் காற்றைத்தான் மெக்சிகோக் குடும்பத்துப் பிள்ளைகள் இன்றும் சுவாசிக்கிறார்கள்.

பள்ளிதான் இன்னும் பெரிய விஷயம். கல்லூரிக்குத் தயார்படுத்தாமல் கைத்தொழிலுக்கே தள்ளுகிறார்கள், ஸ்பானிய மொழி பேசினால் தண்டிக்கிறார்கள் என்று கொதித்து, 1968 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறினார்கள். அந்தத் துணிவையும் அதே தெருக்கள்தான் தந்தன: பக்கத்திலேயே உறவினர், தேவாலயம், தாய்மொழி ஒலிக்கும் கடைகள். அதனால் 'ஏழைப் பகுதி' என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். வாடகை உயர்ந்து குடும்பங்கள் வெளியேறும்போது, பிள்ளைகள் முதலில் இழப்பது இந்தத் துணையைத்தான்.