மூன்று அறைகளில் ஒரே பாட்டு: மாடி ஸ்பீக்கர் மட்டும் ஏன் குழுவில் சேரவில்லை?

கீழக்கரையிலுள்ள உங்கள் பழைய வீட்டில் கூடம், அடுக்களை, மாடி ஆகிய மூன்றிலும் கூகுள் நெஸ்ட் ஸ்பீக்கர்கள் இருந்தும், மாடியிலுள்ளது மட்டும் ஒரே பாட்டைச் சேர்ந்து ஒலிக்கும் குழுவில் சேரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

குழு அமைப்பது எளிது: கூகுள் ஹோம் செயலியில் ஸ்பீக்கர் குழுவை உருவாக்கும் வசதியைத் தேர்ந்து, மூன்றையும் குறித்து, ஒரு பெயரிட்டால் போதும். சிக்கல் பெரும்பாலும் வைஃபையில்தான் இருக்கும். குழுவிலுள்ள ஸ்பீக்கர்கள் தாளம் பிசகாமல் ஒலிக்க வீட்டுக்குள்ளேயே ஒன்றோடொன்று தொடர்பு கொள்வதால், எல்லாம் ஒரே வலையமைப்பில் இருந்தாக வேண்டும். கனத்த சுவர்களைத் தாண்டி அலை எட்டவில்லை என்று மாடிக்கு இரண்டாவது ரவுட்டர் வைத்திருந்தால், அது தனி வலையமைப்பை உண்டாக்கியிருக்கலாம். அப்போது இணையம் ஒழுங்காகக் கிடைத்தாலும், கீழேயுள்ள ஸ்பீக்கர்களுக்கு மாடியிலுள்ளது தென்படாது. அந்த ரவுட்டரை, தனி வலையமைப்பு உண்டாக்காமல் முதல் ரவுட்டரின் வலையமைப்பையே மாடிக்கு நீட்டும் ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றி, முதல் ரவுட்டருடன் கேபிளால் இணையுங்கள். விருந்தினர் வைஃபையும் தனி வலையமைப்புதான் என்பதால், அதில் எந்த ஸ்பீக்கரையும் சேர்க்க வேண்டாம்.

சுவர்களை ஊடுருவுவதில் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை விட 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மேலானது என்பதால், மாடிக்கு அதையே முதலில் முயன்று பாருங்கள். ஓர் அறையில் பாட்டு சற்றுப் பிந்தி ஒலித்தால், அந்த ஸ்பீக்கரின் அமைப்புகளில் உள்ள குழுத் தாமதத் திருத்தத்தை (Group delay correction) கொண்டு சரிசெய்யலாம்.

அமேசானின் அலெக்சா ஸ்பீக்கரை இந்தக் குழுவில் சேர்க்க இயலாது. மேலும், ரவுட்டரைக் கடல் பார்த்த சன்னலோரம் வைக்காதீர்கள். உப்புக் காற்று நம் ஊரில் எதைத்தான் விட்டுவைக்கிறது!